அஞ்சு வருஷம் நின்ன ஸ்ப்ளெண்டர்: ரெண்டு கிலோமீட்டர் ஓடுது, ஆஃப் ஆகுது, பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது

தாமிரபரணிக்கரை (ஞாயிறு, இரவு 9:12)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட ஸ்ப்ளெண்டர், 2002 மாடல். 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்ப அம்பாசமுத்திரம் பக்கம் எங்க வீட்டு தாவாரத்துல நிப்பாட்டுனது, அதுக்கப்புறம் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன், நான் மஸ்கட்ல, வண்டிய யாரும் தொடல. மேல ஒரு பழைய போர்வைய போட்டு மூடி வச்சிருந்தாவ, அதுல எலி குட்டி போட்டு வளத்துருக்கு, அது தனிக் கதை.

இப்ப ஊருக்கு வந்துட்டேன், வண்டிய எடுக்கணும்னு பக்கத்து மெக்கானிக்கிட்ட விட்டேன். பழைய பெட்ரோல எறக்கிட்டாரு (கலரே டீ டிக்காஷன் மாதிரி, வார்னிஷ் நாத்தம்), ரெண்டு லிட்டர் புதுசு ஊத்துனாரு, பிளக் புதுசு, ஆயில் மாத்துனாரு, ஏர் ஃபில்டர் மாத்துனாரு, கார்பரேட்டர கழட்டி பெட்ரோல்ல கழுவி காத்தடிச்சு மாட்டுனாரு. மூணாவது கிக்குல புடிச்சுட்டு! அப்பா வாசல்ல சேர் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாவ, சத்தத்த கேட்டதும் மொகமே மாறிட்டு.

பிரச்சனை என்னன்னா ஐட்லிங்ல நிப்பாட்டி வச்சா நல்லா ஓடுது, எடுத்துட்டு கெளம்புனா ரெண்டு ரெண்டரை கிலோமீட்டர்ல பெட்ரோல் தீந்த மாதிரி இழுவை கொறைஞ்சு, ரெண்டு தடவ மிஸ்ஸிங் அடிச்சு, அப்படியே ஆஃப். ஒடனே கிக் பண்ணா புடிக்காது. ஒரு பத்து நிமிஷம் ஓரமா நிப்பாட்டுனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது, மறுபடி ரெண்டு கிலோமீட்டர், மறுபடி ஆஃப். நேத்து ஆத்துப்பாலம் வரைக்கும் போயிட்டு வர முக்கால் மணி நேரம். யாருக்காச்சும் இது மாதிரி ஆகியிருக்கா?

ஒத்தக்கிக் (ஞாயிறு, இரவு 9:40)

அண்ணே கண்ண மூடிக்கிட்டு சொல்றேன், பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில். சூடானதும் உள்ள சுத்து விட்டுரும், ஆறுனதும் ஒட்டிரும். எங்க மாமா வண்டில இதேதான், காயில மாத்துனோம், சரியாப்போச்சு. அதோட சேத்து சிடிஐயும் (ஸ்பார்க் எப்ப வரணும்னு சொல்ற பெட்டி) மாத்திருங்க, ஒரே செலவா முடிஞ்சுரும்.

வடசென்னை_கிளட்ச் (ஞாயிறு, இரவு 10:05)

தல, டேங்க் மூடில ஏர் ஓட்டை அடைச்சிருக்கும். பெட்ரோல் எறங்க எறங்க உள்ள காத்து போவணும்ல, போவலன்னா வேக்குவம் புடிச்சுக்கும், பெட்ரோல் வராது. ஆஃப் ஆனவுடனே மூடிய தொற, புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சுன்னா அதான் கேஸு. செலவு பூஜ்யம். என் ஆர்எக்ஸ் வண்டில குளவி கூடு கட்டி அடைச்சு வச்சிருந்துச்சு, அத கண்டுபுடிக்க நான் ஒரு மாசம் சுத்துனேன்.

பொள்ளாச்சி_டூல்பாக்ஸ் (திங்கள், காலை 6:20)

தம்பி, ரெண்டு பேர் சொன்னதுமே நடக்கக்கூடியதுதானுங்க, ஆனா காசு போட்டு எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. கார்பரேட்டர் அடிச்சட்டில, ஃப்ளோட் சேம்பர்னு சொல்றமே அதுல, அடியில ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும் பாருங்க, கீழ சின்னதா ஒரு பைப்பு தொங்கும். வண்டி ஆஃப் ஆன அந்த நிமிஷமே, திரும்ப கிக் பண்ணாம, டேங்க்குக்கு கீழ இருக்கற பெட்ரோல் டேப்ப அடைச்சுப்போட்டு அந்த ஸ்க்ரூவ லூஸ் பண்ணி ஒரு சின்ன கப்புல புடிங்க.

பெட்ரோல் நெறைய வந்துச்சுன்னா பெட்ரோல் பக்கம் குறையில்லை, அப்புறமேட்டுக்கு ஸ்பார்க், காயில்னு போலாம். சொட்டு சொட்டா வந்து நின்னுபோச்சுன்னா மேலிருந்து பெட்ரோல் எறங்கலைன்னு அர்த்தம், அப்ப நீங்க பத்தாயிரம் ரூபாய்க்கு காயில் மாத்தினாலும் வண்டி நிக்கத்தான் செய்யும்.

இன்னொண்ணு, டேப்பு ஆன்ல இருக்குதுங்களா ரிசர்வ்லயா?

(இஞ்சின் சூடா இருக்கும், பெட்ரோல் அதும்மேல படாம பாத்துக்கோங்க. பக்கத்துல பீடி சிகரெட் ஆளுங்க இருந்தா தள்ளிப்போகச் சொல்லுங்க.)

யாழ்_வடலி (திங்கள், காலை 8:02)

அண்ணை, எங்கட பக்கம் 2022இல பெற்றோல் இல்லாமப் போனப்ப பாதி மோட்டச்சைக்கிள் வீட்டுக்குள்ளதான் கிடந்தது. பிறகு கியூஆர் கோட் பங்கீடு வந்து கிழமைக்கு 4 லீற்றர் எண்டு குடுக்கத் தொடங்கின உடன எல்லாரும் ஒரே நேரம் எடுத்து வெளிக்கிட்டினம், றோட்டுக்கரையெல்லாம் குந்தி இருந்து உதைச்சுக்கொண்டு நிண்டவை. நானும் ஒராள். என்ர சைக்கிளுக்கு மூடியிலதான் பிழை, வடசென்னை அண்ணை சொன்ன அதே அடைப்பு. ஊசி ஒண்டால குத்தினன், சரி வந்திட்டுது. ஆனா உங்கட டேங்குக்குள்ள அஞ்சு வருசப் பெற்றோல் கிடந்தது எண்டு சொல்லுறீங்கள், உள்ளுக்கு கறள் பிடிச்சிருக்கோ எண்டு ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பாருங்கோ.

தாமிரபரணிக்கரை (திங்கள், இரவு 8:45)

எல்லாருக்கும் நன்றி. ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்கல்லாம் எழுதுனத பாக்குறதுக்கு முன்னாடியே காலைல மெக்கானிக் வந்து வண்டிய எடுத்துட்டு போயி காயில், சிடிஐ ரெண்டையும் மாத்திட்டாரு. 1,400 ரூவா. சாயங்காலம் நானே ஓட்டிப் பாத்தேன், அதே ரெண்டாவது கிலோமீட்டர்ல, அதே புளியமரத்துக்கு பக்கத்துல, அதே மாதிரி ஆஃப். அந்த மரத்தடில இருக்க டீக்கடை அண்ணாச்சி இப்ப என்னைய பாத்ததுமே கிளாஸ எடுத்துருதாரு.

மூடிய தொறந்து பாத்தேன், புஸ்ஸுன்னு ஒண்ணும் வரல. மூடிய லேசா தொறந்து வச்சே ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன், அப்பவும் ஆஃப். டேப்பு ரிசர்வ்லதான் இருக்கு, ஆன்ல வச்சா சீக்கிரமே நின்னுருது, ரெண்டு லிட்டர்தான ஊத்துனது.

ட்ரெயின் ஸ்க்ரூ நாளைக்கு பாக்கேன்.

ஒத்தக்கிக் (திங்கள், இரவு 9:03)

டூப்ளிகேட் காயில் போட்டுருப்பாங்கண்ணே. பழசையே மாட்டச்சொல்லி பாருங்க.

வடசென்னை_கிளட்ச் (திங்கள், இரவு 9:10)

நைனா அவரு காயில விட்டு வர மாட்டாரு போல 😄

தாமிரபரணிக்கரை (செவ்வாய், இரவு 7:30)

பொள்ளாச்சி அண்ணே, உங்களுக்கு கோடி புண்ணியம். வீட்ல இருமல் மருந்து பாட்டில் மேல வர்ற சின்ன அளவு கப்பு, மில்லி கோடு போட்டது, அத எடுத்துக்கிட்டு கெளம்புனேன், கூட ஒரு ஸ்க்ரூடிரைவர். புளியமரம், ஆஃப். கிக் பண்ணல. டேப்ப அடைச்சேன், ஸ்க்ரூவ லூஸ் பண்ணேன்.

மூணு சொட்டு. எண்ணுனேன், மூணே சொட்டு. அவ்ளோதான், காலி.

ஸ்க்ரூவ மூடிட்டு, டேப்ப மறுபடி தொறந்துவிட்டு டீ குடிச்சேன். பத்து நிமிஷம் கழிச்சு டேப்ப அடைச்சு மறுபடி ஸ்க்ரூவ தொறந்து புடிச்சேன், கப்புல 20 மில்லி கோட்ட தாண்டி வந்துட்டு. அடில பொடிப்பொடியா செவப்பா என்னமோ படிஞ்சு கெடந்துச்சு, வெரல்ல எடுத்து தேச்சா நறநறங்குது.

பொள்ளாச்சி_டூல்பாக்ஸ் (செவ்வாய், இரவு 8:15)

அப்பறம் என்னங்க, பாதி வேலை முடிஞ்சுபோச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க. வண்டி 60 மைலேஜ் குடுக்குதுன்னு வைங்க, 50 வேகத்துல போனீங்கன்னா மணிக்கு முக்கால் லிட்டருக்கு கொஞ்சம் மேல, அதாவது நிமிஷத்துக்கு சுமாரா 14 மில்லி குடிக்கும். சட்டில இருக்கறது 20, 22 மில்லி. மேலிருந்து ஒரு சொட்டு வராட்டியும் ஒன்றரை நிமிஷம் ஓடும், ஒரு கிலோமீட்டர் தாண்டும். உங்களுக்கு ரெண்டரை வரைக்கும் வருதுன்னா கொஞ்சமா எறங்குது, ஆனா பத்தலை. ஐட்லிங்ல ஏன் நிக்கலைன்னா ஐட்லிங்ல அது குடிக்கறது ரொம்பக் கம்மி, எறங்கற சொட்டே அதுக்குப் போதும். அதனாலதான் ஷெட்டுல நிறுத்தி வச்சு பாக்கறவங்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

மூடி தொறந்தும் நின்னுச்சுன்னா மூடி இல்லீங்க. மிச்சம் டேப்பு, அதுக்கு உள்ளார நிக்கற வடிகட்டி நெட்டு, பைப்பு, அப்புறம் ஃப்ளோட் நீடில், அதாவது சட்டிக்குள்ள பெட்ரோல் வர்றத தொறந்து மூடற ஊசி. பைப்ப கார்பரேட்டர் பக்கம் கழட்டி ஒரு பாட்டில்ல விடுங்க, டேப்ப தொறந்து ரெண்டு மூணு நிமிஷம் விடாம பாக்கணும். மொத பத்து செகண்டு பாத்துட்டு "நல்லாத்தான் வருது"ன்னு மூடிடாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அதுதான்.

யாழ்_வடலி (செவ்வாய், இரவு 8:50)

மருந்துக் கப்பு நல்ல யோசனை. 90களில பெற்றோல் தடை இருந்த காலம் எங்கட அப்பா மண்ணெண்ணையிலதான் ஓடினவர், ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தில்ல கொஞ்சம் பெற்றோல், இஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணைக்கு மாத்தி விடுறது. அந்தப் பெற்றோல சொட்டுக் கணக்கிலதான் அளப்பார். இப்பவும் காபரேற்றர் கழட்டேக்க கீழ ஒரு பாத்திரம் வைக்காம விடமாட்டார், நாங்கள் ஆரும் மறந்தா ஏச்சுத்தான்.

தாமிரபரணிக்கரை (புதன், இரவு 9:20)

பாட்டில் டெஸ்ட் பண்ணேன். மொதல்ல பென்சில் தடிமனுக்கு விழுது, சந்தோஷமா இருந்துச்சு. முக்கால் நிமிஷத்துல சைக்கிள் ஸ்போக் அளவுக்கு ஆச்சு, ரெண்டு நிமிஷத்துல நூலு, அப்புறம் சொட்டு. மூடி தொறந்துதான் இருந்துச்சு. டேப்ப அடைச்சு டேங்க்க ரெண்டு தட்டு தட்டி அஞ்சு நிமிஷம் விட்டுத் தொறந்தா மறுபடி பென்சில்!

மிச்ச பெட்ரோல எறக்கிட்டு டேப்ப கழட்டுனேன். உள்ள நிக்கிற நெட்டு, வெள்ளையா இருக்கவேண்டியது, செம்மண்ணு பூசுன மாதிரி இருக்கு. டேங்க்ல டார்ச் அடிச்சா ஒக்காருற சீட்டு பக்கம், கீழ்ப் பள்ளத்துல, மேல்ல இருந்து உரிஞ்ச துரு ஏடு ஏடா கெடக்கு. ஒரு சில்வர் டம்ளர்ல வடிச்சு எடுத்து கொல்லைல திண்டு மேல வச்சிருந்தேன், அம்மா வந்து "சுக்குக் காப்பி ஆறிப்போய் கெடக்கே, யாருக்குடா போட்டது"ன்னு கேட்டுட்டு எடுக்கப் போயிட்டாவ. நல்லவேள, நாத்தத்துல விட்டுட்டாவ. அந்த டம்ளர் இனிமே எனக்குத்தான்னு சொல்லிட்டாவ.

ஒண்ணு மட்டும் புரியல, பத்து நிமிஷம் நின்னா ஏன் சரியாகுது?

பிப்பெட்_அக்கா (புதன், இரவு 10:02)

இத்தன நாளா படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு நான் சொல்றேன். பெட்ரோல் ஓடும்போது அந்த இழுப்புல துரு ஏடெல்லாம் வந்து நெட்டு மேல ஒட்டிக்கும், டீ வடிகட்டில தூள் ஏறி அடைக்கிற மாதிரி. ஓட்டம் நின்னதும் ஒட்டவச்ச இழுப்பு இல்ல, அதுங்க மெதுவா உதிர்ந்து அடியில படிஞ்சுரும். நீங்க டீ குடிக்கிற நேரத்துல வடிகட்டி தானே கழுவிக்குது, கூடவே மிச்சமிருக்க ஓட்டைங்க வழியா சட்டியும் ரொம்பிடுது. சூடு ஆறுனதால சரியாகல, ஓட்டம் நின்னதால சரியாச்சு. பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், அதான் எல்லாரும் காயில் காயில்னு போறாங்க.

ரிசர்வ்ல வச்சதால இன்னும் மோசம். ஆன் பொசிஷன்ல உள்ள ஒரு குழாய் ஒசரமா நின்னு மேல இருக்க பெட்ரோல எடுக்கும், ரிசர்வ் அடித்தளத்துல இருந்தே எடுக்கும், துருவும் தண்ணியும் தேங்குற எடம் அதுதான்.

தண்ணின்னு சும்மா சொல்லல. இப்ப பங்க்ல போடுறது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2023ல ஆரம்பிச்சு இப்ப எல்லா எடத்துலயும் அதுதான். எத்தனால் காத்துல இருக்க ஈரத்த உறிஞ்சும், ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து தனியா பிரிஞ்சு கீழ எறங்கிரும். அரை டேங்க்கோட நிப்பாட்டுனா மேல்பாதி இரும்பு வெறும் காத்துல நிக்குது, ராத்திரி குளிருக்கு உள்ள வேர்க்கும். துரு மேல்பக்கம் இருந்து உரிஞ்சிருக்குன்னு நீங்க சொன்னது அதனாலதான். புது பெட்ரோல்ல இருக்க எத்தனால் பழைய படிவத்தயும் இளக்கி விடும், அதான் ஓட்ட ஆரம்பிச்சதும் எல்லாம் சேந்து கெளம்பி வருது.

வடசென்னை_கிளட்ச் (புதன், இரவு 10:15)

அக்கா நீங்க எங்க இருந்தீங்க இவ்ளோ நாளா. தல, சிம்பிள், டேங்க்குல ரெண்டு கை பொடி ஜல்லி போட்டு கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி நல்லா குலுக்கு. நாங்க அப்டித்தான் பண்ணுவோம்.

பொள்ளாச்சி_டூல்பாக்ஸ் (வியாழன், காலை 6:05)

ஜல்லி போட்டா அதோட தூளு ஒரு வருசத்துக்கு வந்துட்டே இருக்குமுங்க, ஒரு கல்லு மடிப்புல மாட்டிக்கிச்சுன்னா ஆயுசுக்கும் கலகலன்னு சத்தம். பழைய சைக்கிள் செயின் ஒண்ண போடுங்க, வெளிய இழுக்கறதுக்கு ஒரு கம்பி கட்டிக்கங்க. பெட்ரோல் ஊத்திக் குலுக்க வேண்டாம், இரும்பும் இரும்பும் ஒரசற எடத்துல அது வேண்டாத வேலை. தண்ணில சோப்புத்தூள் போட்டு பெட்ரோல் வாசம் போற வரைக்கும் கழுவிட்டு அப்புறம் செயின்.

பிப்பெட்_அக்கா (வியாழன், காலை 7:40)

செயின் குலுக்குனதும் சிட்ரிக் ஆசிட் ஊத்துங்க. மளிகைக் கடைல எலுமிச்சை உப்புன்னு கேட்டா குடுப்பாங்க, லிட்டருக்கு 50 கிராம் கணக்கு, சுடுதண்ணில கரைச்சு ரொப்பி ஒரு ராத்திரி விடுங்க. டேப்ப மாட்டி வச்சு ஊத்தாதீங்க, அது வேற உலோகம், அரிச்சுரும். அந்த ஓட்டைய ரப்பரும் தகரத் துண்டும் வச்சு போல்ட் போட்டு அடைங்க. பெட்ரோல் மீட்டர் ஃப்ளோட்டையும் கழட்டிருங்க. காலைல கொட்டிட்டு ஆப்பசோடா கரைச்ச தண்ணில அலசணும், அப்ப மூடிய மூடி குலுக்கவே கூடாது, கேஸ் கெளம்பி மொகத்துல அடிக்கும். பெயிண்ட் மேல வழியாம ஒரு துணிய சுத்திக்கங்க.

அலசுன ஒடனே காய வைக்கணும். அரை மணி நேரம் விட்டீங்கன்னா புதுசா ஆரஞ்சு கலர்ல ஒரு படலம் வந்துரும். காஞ்சதும் கொஞ்சம் பெட்ரோல்ல ரெண்டு மூடி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்துறது) கலந்து உள்ள எல்லா பக்கமும் படுற மாதிரி உருட்டி எடுத்துருங்க.

ஒத்தக்கிக் (வியாழன், காலை 9:30)

சரி காயில் இல்லண்ணே, ஒத்துக்கறேன். ஆனா எங்க மாமா வண்டில காயில்தான்.

தாமிரபரணிக்கரை (திங்கள், இரவு 8:10)

மூணு நாளா டேங்க்கோட குடும்பம் நடத்துனேன். சைக்கிள் செயின் யோசனை அருமை, அப்பா மொட்டமாடில சேர்ல உக்காந்துக்கிட்டு "அந்தப் பக்கம் குலுக்கு, இந்தப் பக்கம் குலுக்கு"ன்னு சொல்லுதாவ, ஒரு மணி நேரத்துல தோள்பட்டை கழண்டுட்டு. மொதல்ல வந்த தண்ணி செங்கல் கரைச்ச மாதிரி, நாலாவது தடவ கொஞ்சம் தெளிவு. எலுமிச்சை உப்பு அரைக் கிலோவுக்கு மேல வாங்குனேன், கடைக்காரர் கல்யாண வீடான்னு கேட்டாரு. ராத்திரி பூரா ஊற வச்சு காலைல கொட்டுனா கருப்பா பச்சையா ஒரு தண்ணி, உள்ள டார்ச் அடிச்சா சாம்பல் கலர்ல வெறும் இரும்பு. வெயிலு நல்லா இருந்துச்சு, ஒடனே காய்ஞ்சிட்டு.

டேப்பு புதுசு, நெட்டோட சேத்து வந்துட்டு. பைப்பு கல்லு மாதிரி ஆகியிருந்துச்சு, அதயும் மாத்திட்டேன். ஃப்ளோட் சட்டிய கழட்டி கழுவுனேன், நீடில் சுத்தமா ஏறி எறங்குது. அஞ்சு லிட்டர் போட்டு டேப்ப ஆன்ல வச்சு பாட்டில் டெஸ்ட், மூணு நிமிஷமும் பென்சில்தான்!

புளியமரத்த தாண்டுனேன். டீக்கடை அண்ணாச்சி கிளாஸோட எந்திரிச்சு நின்னாரு, நான் கைய காட்டிட்டு போயிட்டேன். பாபநாசம் போயி ஆத்துல கால நனைச்சுட்டு வந்தேன், ஒரு தடவகூட நிக்கல.

ஆனா (ஒரு ஆனா இருக்கு) திரும்பி வரும்போது ரயில்வே கேட்ல நின்னேன், ஆக்சிலேட்டர விட்டதும் ஆஃப் ஆகிட்டு. ஒடனே ஒரே கிக்குல புடிச்சுட்டு, ஆனா விட்டா மறுபடி ஆஃப். குளிர்ந்து இருக்கும்போது இது இல்ல, நல்லா சூடானப்புறம்தான்.

ஒத்தக்கிக் (திங்கள், இரவு 8:25)

ஐட்லிங் வேகத்த கூட்டுற ஸ்லோ ஸ்க்ரூவ ரெண்டு சுத்து ஏத்தி விடுங்கண்ணே, முடிஞ்சுது.

பொள்ளாச்சி_டூல்பாக்ஸ் (திங்கள், இரவு 9:00)

ஏத்தி விட்டா நிக்காது, ஆனா ஆக்சிலேட்டர விட்டாலும் வண்டி கத்திக்கிட்டே இருக்கும், கியர் போட்டா டமால்னு குதிக்கும். அது நோயை மூடி வைக்கறதுங்க. இது மொதல்ல இருந்த குறை இல்லை, இதுவரைக்கும் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டு இருந்திருக்கு.

நல்லா சூடாகி ஆஃப் ஆகப்போற நேரத்துல சோக்க லேசா, கால்வாசி இழுத்துப் பாருங்க. ஆஃப் ஆகாம ஐட்லிங் ஓடுச்சுன்னா பெட்ரோல் கம்மி இல்லைன்னா காத்து அதிகம். அப்பறம் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே ஒண்ணு வாங்கி, வண்டி ஓடும்போது கார்பரேட்டரும் மேனிஃபோல்டும் (இஞ்சினுக்குப் போற குழாய்) சேர்ற எடத்துல பொட்டு பொட்டா அடிங்க, சைலன்சர் பக்கம் போகாம. அடிச்சதும் சத்தம் மாறுச்சுன்னா அங்க காத்து உள்ள போகுது. மாறலைன்னா ஐட்லிங்குக்கு பெட்ரோல் விடற ஸ்லோ ஜெட்ட கழட்டி வெளிச்சத்துக்கு நேரா புடிங்க, ஓட்டை வட்டமா தெரியணும். வட்டமா தெரியாட்டி கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும். க்ளீனர்ல ஊறப்போட்டு காத்தடிங்க, போகலைன்னா புதுசு வாங்குங்க.

ரெண்டுமே இல்லைன்னா டேப்பட், அதாவது வால்வுக்கு மேல விடற இடைவெளி. ரொம்ப நாள் ஓடுன வண்டில டேப்பட் டைட்டா இருந்தா சூட்டுல வால்வு முழுசா மூடாது, ஐட்லிங் செத்துப்போகும்.

தாமிரபரணிக்கரை (புதன், இரவு 7:50)

சோக் கால்வாசி இழுத்தேன், ஆஃப் ஆகாம ஓடிட்டு! அப்புறம் ஸ்ப்ரே. கார்பரேட்டருக்கு மேல்பக்கம் அடிச்சேன், ஒண்ணுமில்ல. கீழ்ப்பக்கம் அடிச்சேன், ஐட்லிங் தடுமாறி குபுக்குன்னு மாறுச்சு. மறுபடி அடிச்சேன், மறுபடி மாறுச்சு.

கழட்டுனா கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்க ஓ ரிங் தட்டையா, பிளாஸ்டிக் மாதிரி கெடக்கு, நகத்தால அழுத்துனா பள்ளமே விழல. ரெண்டா மடிச்சேன், ஒடிஞ்சிட்டு. அது மட்டுமில்ல, கார்பரேட்டர் மூஞ்சிய ஒரு கண்ணாடி மேல வச்சு பின்னாடி இருந்து டார்ச் அடிச்சா நடுவுல கீத்து மாதிரி வெளிச்சம் வருது. யாரோ ரெண்டு போல்ட்டயும் வெறியோட டைட் வச்சுருக்காங்க, காது ரெண்டும் பின்னால வளைஞ்சிருக்கு. அப்பாகிட்ட கேட்டேன், மேல பாத்துக்கிட்டு "யாரு கண்டா"ங்காவ.

பொள்ளாச்சி_டூல்பாக்ஸ் (புதன், இரவு 8:20)

கண்ணாடில வாட்டர் பேப்பர ஒட்டி, தண்ணி தெளிச்சு, அந்த மூஞ்சிய எட்டு போடற மாதிரி தேயுங்க. அவசரப்பட்டு ஒரு பக்கமா அமுக்கக்கூடாது. வெளிச்சம் வராம ஆனதும் நிறுத்துங்க. தேய்க்கறதுக்கு முன்னாடி ஓட்டைங்கள துணி வச்சு அடைங்க, தேய்ச்ச பொடி ஸ்லோ ஜெட் வழிக்குள்ள போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து. ஓ ரிங்க அளவு சொல்லி வாங்காதீங்க, பழசையே எடுத்துட்டுப் போய் காட்டுங்க. மாட்டும்போது போல்ட்ட மாத்தி மாத்தி கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க.

யாழ்_வடலி (புதன், இரவு 9:15)

அப்பாமார் எல்லாரும் ஒரே கம்பனித் தயாரிப்புத்தான் போல 😀

தாமிரபரணிக்கரை (சனி, இரவு 8:30)

ஓ ரிங் பத்து ரூவா. வாட்டர் பேப்பர் பதினஞ்சு. தேய்க்க ஒரு மணி நேரம்.

இன்னிக்கு காலைல அம்பாசமுத்திரம் போயி, கல்லிடைக்குறிச்சி போயி அப்பளம் வாங்கிட்டு, அதே ரயில்வே கேட்ல வேணும்னே நிப்பாட்டி கேட்டு தொறக்கிற வரைக்கும் ஐட்லிங்ல வச்சிருந்தேன். டப டப டபன்னு அப்படியே நிக்கி. மொதல்ல மாத்துன காயிலும் சிடிஐயும் வண்டிலயே இருக்கு, பழசு ரெண்டையும் துணில சுத்தி அலமாரில வச்சுட்டேன், அதுல ஒரு கொறையும் இருந்துருக்காது.

இன்னும் ஒரு சின்ன விஷயம். டேப்ப அடைச்சு வச்சாலும் காலைல கார்பரேட்டருக்கு கீழ ஒரு ரூபா காசு அளவுக்கு ஈரம் இருக்கு. புது டேப்புதான்.

பொள்ளாச்சி_டூல்பாக்ஸ் (சனி, இரவு 9:05)

பைப்பு க்ளிப்ப பாருங்க மொதல்ல, புது பைப்புக்கு பழைய க்ளிப்பு இறுக்கம் பத்தாது. அங்க காய்ஞ்சு இருந்தா ட்ரெயின் ஸ்க்ரூ. நீங்க அத எத்தனை தடவ தொறந்தீங்க, அதோட ரப்பர் தேய்ஞ்சிருக்கும்.

தாமிரபரணிக்கரை (ஞாயிறு, காலை 7:10)

ட்ரெயின் ஸ்க்ரூதான் அண்ணே. மருந்துக் கப்ப கீழ வச்சுட்டு படுத்தேன், காலைல கால் மில்லி.

வடசென்னை_கிளட்ச் (ஞாயிறு, காலை 8:00)

எல்லாம் ஓகே தல, 2002 வண்டின்னா ஆர்சி பதினஞ்சு வருஷத்துல முடிஞ்சிருக்குமே, புதுப்பிச்சிருக்கியா? பாபநாசம் கல்லிடைக்குறிச்சின்னு ஊர் பூரா சுத்திட்டு வந்து எழுதற.

தாமிரபரணிக்கரை (ஞாயிறு, காலை 8:25)

இப்பத்தான் எடுத்துப் பாத்தேன். 2017ல அப்பா அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிச்சிருக்காவ, 2022ல அதுவும் முடிஞ்சிட்டு. இன்சூரன்ஸும் இல்ல. வண்டிய மறுபடி தாவாரத்துக்குள்ள ஏத்திட்டேன், டேப்ப அடைச்சு சட்டியயும் வடிச்சு வச்சாச்சு. நாளைக்கு இன்சூரன்ஸ் போட்டுட்டு லோடு ஆட்டோல ஏத்தி ஆர்டிஓ ஆபீஸ் கொண்டு போறேன். அப்பாவும் வருவேன்னு நிக்காவ, ஆட்டோல முன்சீட்டு வேணுமாம்.